விளக்கைப் பார்த்து எழுந்த மிருகம்

பழுத்த ரசபாளெ வாழைப்பழத்தின் வாசனை எங்கேயாவது மூக்கில் ஏறினால் எனக்கு உடனே ஒரு ராட்சத மிருகம் நினைவுக்கு வரும். சிரிக்க வேண்டாம், காரணம் இருக்கிறது. மைசூரில் தேவராஜ மொஹல்லாவின் பின்தெரு ஒன்றில் இருந்த பழைய டாக்கீஸுக்கும் அதை ஒட்டியிருந்த வாழைக்காய் மண்டிக்கும் நடுவே ஒரே ஒரு சுவர்தான். அந்தச் சுவரின் உச்சியில் காற்றுக்காக விட்டிருந்த ஓட்டைகள் வழியே, ஞாயிற்றுக்கிழமை "மார்னிங் ஷோ" ஓடிக்கொண்டிருக்கும்போது, தார் இறக்குகிற ஆட்களின் கூச்சலும் பழத்தின் வாசனையும் உள்ளே வந்துகொண்டே இருக்கும். திரையில் கறுப்பு வெள்ளை ஏரியிலிருந்து அந்த மிருகம் தலையை நீட்டும், இங்கே வாழைப்பழம் மணக்கும். மிருகத்தின் வாசனையே அதுதான் என்று ஏழு வயதில் நான் முடிவு கட்டியிருந்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அந்த இங்கிலீஷ் படம் அப்போதே அரதப் பழசு. அதற்குப் பிறகு அதே கதையை வண்ணத்தில் ஒருமுறையும், கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்க்கும்படி இன்னொரு முறையும் எடுத்துவிட்டார்கள். மூன்றில் எது உசத்தி என்று கல்லூரியில் படிக்கும் என் மகனும் அவன் நண்பர்களும் மணிக்கணக்காக வாதாடுகிறார்கள், பழைய படத்தைப் போட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். ரப்பர் உடுப்புக்குள் ஒரு மனிதன் நிற்பது அப்பட்டமாகத் தெரிகிறதாம், முதுகில் தையல் தெரிகிறதாம், ஈரப் போர்வையைச் சுற்றிக்கொண்டு நடப்பவன் மாதிரி நடக்கிறதாம். எல்லாம் உண்மைதான். எனக்கும் அந்தத் தையல் அன்றைக்கே தெரிந்தது. ஆனாலும் இந்த மூன்று படங்களையும் நியாயமாகச் சீர்தூக்கிப் பார்க்க என்னால் ஆகாது, ஏனென்றால் மூன்றையும் நான் என் அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள்.

அண்ணன் பெயர் செல்வம். என்னைவிட நான்கு வயது மூத்தவன். இரண்டு வயதில் வந்த காய்ச்சல் அவனுடைய இரண்டு காதுகளையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக வேலை கிடைத்து சத்தியமங்கலத்திலிருந்து மைசூருக்கு வந்தவர். அம்மாவும் அந்தப் பக்கத்துக்காரிதான். அண்ணனைப் பரிசோதித்த டாக்டர், பையன் பள்ளிக்கூடத்தில் கன்னட உதடுகளைப் பார்த்துத்தான் படிக்கப் போகிறான், வீட்டில் வேறு பாஷை பேசினால் குழம்பிப் போவான், அதனால் நீங்களும் அவனிடம் கன்னடமே பேசுங்கள் என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். அம்மாவுக்குத் தெரிந்ததெல்லாம் காய்கறிக்காரரிடம் பேசுகிற கன்னடம். ஒரு வாரம் முயன்று பார்த்துவிட்டு, "பேரம் பேசறதுக்கு வெச்சிருக்கற பாசைல பெத்த புள்ளைய எப்படிங்க கொஞ்சறது?" என்று அப்பாவிடம் கேட்டுவிட்டுக் கையால் பேச ஆரம்பித்தாளாம். இதை அப்பா வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருப்பார்.

அப்படி உண்டானதுதான் எங்கள் வீட்டுக் "கை பாஷை". எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித் தராதது, எந்தப் புத்தகத்திலும் இல்லாதது, எங்கள் நான்கு பேருக்குள் மட்டும் புழங்கியது. மூக்கின் இடப்பக்கத்தை இரண்டு விரலால் தொட்டால் அம்மா, மூக்குத்திக்காக. இரண்டு தோளிலும் விரலை இறக்கினால் நான், ரெட்டைச் சடைக்காக. ஐந்து விரலையும் குவித்து மேலே பூப்போல விரித்தால் விளக்கு. மார்பில் கட்டைவிரலால் இரண்டு தட்டுத் தட்டினால் "நிஜம்". காதில் ஒரு விரலை வைத்து, உள்ளங்கையை வெளியே திருப்பி இல்லை என்று ஆட்டினால் "கேக்காது". வெளியாட்களிடம் அண்ணன் தன்னைப் பற்றிச் சொல்ல அந்தக் கடைசிச் சைகையைத்தான் பயன்படுத்துவான், அதுவே அவன் பெயர் மாதிரி ஆகிவிட்டது.

பள்ளிக்கூடத்திலும் தெருவிலும் அவன் எதையாவது கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவனாகவே இருந்தான். கல்யாண வீட்டில் எல்லோரும் சிரித்தால் என் தோளைத் தட்டி "என்ன?" என்பான்; நான் சோம்பேறித்தனமாக "ஒண்ணுமில்ல" என்று கையை விரித்துவிடுவேன். அப்படிப்பட்டவன் ராஜாவாகிற இடம் உலகத்தில் ஒன்றே ஒன்று இருந்தது, அது அந்த டாக்கீஸின் மார்னிங் ஷோ. காலை வியாபாரம் முடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் பூக்காரர்கள், மூட்டை தூக்குகிறவர்கள், வெற்றிலைக் கடைக்காரர்கள், நாங்கள், இதில் ஒருவருக்கும் இங்கிலீஷ் தெரியாது. திரையில் ஆட்கள் உதட்டைக்கூடச் சரியாகப் பிரிக்காமல் பேசிக்கொண்டே போவார்கள், ஹாலே பேந்தப் பேந்த விழிக்கும். அன்றைக்கு அங்கே எல்லோரும் செவிடர்கள், அதில் பழக்கப்பட்ட செவிடன் என் அண்ணன் ஒருவன்தான்.

இரண்டு வயதிலிருந்து முகத்தைப் படித்தே பிழைத்தவன் அவன். புருவம் ஏறுவதையும் கழுத்து திரும்புவதையும் வைத்து யார் யாருக்கு என்ன உறவு, யார் பொய் சொல்கிறார், யாருக்கு யார் மேல் கண் என்று படம் தொடங்கிப் பத்து நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவான். திரை வெளிச்சத்தில் அவனுடைய கைகள் பேச ஆரம்பிக்கும். அம்மா அதைப் பார்த்து எனக்குத் தமிழில் கிசுகிசுப்பாள், பின்வரிசையிலிருந்து "ஏனந்தெ அம்மா, ஏனந்தெ?", என்னவாம், என்னவாம் என்று கேட்கிற பூக்காரிக்குக் கன்னடத்தில் சொல்லுவாள், அது அப்படியே நாலு வரிசைக்குப் பரவும். இங்கிலீஷ் படம் ஒன்று காது கேளாத பையனின் கை வழியாக ஹால் முழுக்கப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. வழக்கமாக வருகிறவர்கள் எங்களுக்காக நடு வரிசையில் "ஜாகா" பிடித்து வைக்கிற அளவுக்கு அவனுக்கு மரியாதை.

மிருகப் படத்தை ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் போடுவார்கள், மூன்று வருடம் தொடர்ந்து பார்த்திருக்கிறோம். கதை பெரிதாக ஒன்றுமில்லை. மலைக்கு நடுவே ஓர் ஏரி, கரையில் மீன்பிடிக்கிறவர்களின் ஊர், ஒரு விஞ்ஞானி, அவருடைய மகள். படகின் மூக்கில் ஒரு விளக்கும் அதன் கீழே ஒரு மணியும் தொங்கும். பனி மூடிய ஏரியின் நடுவுக்குப் படகு போகும், விளக்கு ஆடும், மணி அடிக்கும், தண்ணீர் பிளந்து மிருகம் எழும். கரையில் நிற்கிற கூட்டம் வாய் கிழியக் கத்தும். மிருகம் அவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்காது. கடைசியில் ஆளில்லாத படகு ஒன்றில் வெடிமருந்தை நிரப்பி, அதே விளக்கையும் மணியையும் மாட்டி ஏரிக்குள் தள்ளிவிடுவார்கள். மிருகம் வந்து படகை இரண்டு கையாலும் அணைக்கும், எல்லாம் வெடித்துச் சிதறும்.

இந்தக் கதையை அண்ணன் சொன்ன விதம் வேறு. முதல் தடவை மிருகம் எழுந்து, கத்துகிற கூட்டத்தைச் சட்டை செய்யாமல் நின்றபோது அவன் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டான். இரண்டு உள்ளங்கைகளையும் கழுத்தின் இரண்டு பக்கமும் விசிறிபோல விரித்தான், அதுதான் அன்றிலிருந்து மிருகத்துக்குச் சைகை. அப்புறம் காதில் விரலை வைத்துக் கையை ஆட்டினான். அதற்குக் கேட்காது. தண்ணீருக்கடியில் ஒரே இருட்டு, மேலே விளக்கு தெரிகிறது, யாரோ தன்னைக் கூப்பிடுகிறார்கள் என்று வருகிறது. இவர்களெல்லாம் வாயைத் திறந்து திறந்து மூடுகிறார்கள், எதற்கென்று அதற்குப் புரியவில்லை. இதைச் சொல்லும்போது அண்ணனின் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. தன்னைப் போல ஒருத்தனை, அதுவும் அத்தனை பெரியவனை, ஊரே நடுங்குகிற ஒருத்தனை அவன் கண்டுபிடித்துவிட்டான்.

பின்வரிசைப் பூக்காரி இதை ஒப்புக்கொள்ளவில்லை. "கண்டெ சத்திகெ பர்தாயிதெ கணம்மா" என்றாள், மணிச் சத்தத்துக்குத்தான் வருகிறது என்று. அம்மா திரும்பி உட்கார்ந்து, "சும்னிரி. நம்ம ஹுடுக ஹேள்தானெ, கேளி" என்று அவள் வாயை அடைத்துவிட்டாள். சும்மா இருங்கள், எங்கள் பையன் சொல்கிறான், கேளுங்கள். பூக்காரி ஒரு நிமிஷம் அம்மாவையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்தாள், அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. ஒவ்வொரு முறை மணி அடிக்கும்போதும் ஹாலில் இருந்த அத்தனை பேருக்கும் அது கேட்டது, அம்மாவுக்கும் கேட்டது, எனக்கும் கேட்டது. ஆனால் எங்களுக்கு மிருகம் விளக்கைப் பார்த்துத்தான் வந்தது. படகு வெடித்து முடிந்ததும் அண்ணன் விளக்கின் சைகையைக் காட்டி அதை இரண்டு கையாலும் மார்போடு சேர்த்து அணைத்துக் காட்டுவான், அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுந்திருப்பாள்.

அதன் பிறகு தெருப் பையன்கள் அண்ணனின் பின்னால் நின்று கைதட்டிக் கேலி செய்தால் அவனுக்குக் கோபம் வருவதில்லை. திரும்பி அவர்களைப் பார்த்துக் கழுத்தில் இரண்டு கையையும் விரித்துக் காட்டிவிட்டு, அந்த மிருகத்தின் கனத்த நடையில் மெதுவாக நடந்து போவான். பையன்கள் சிரித்தாலும் ஓரடி பின்னால் போவார்கள்.

வண்ணப் படம் வந்தபோது எனக்குப் பதின்மூன்று வயது. விடுமுறைக்குச் சத்தியமங்கலத்தில் மாமா வீட்டுக்கு நானும் அண்ணனும் மட்டும் போயிருந்தோம். ஊர் முழுக்கப் பச்சை நிற மிருகத்தின் சுவரொட்டி, அதில் கொட்டை எழுத்தில் "தமிழ் பேசுகிறது" என்று போட்டிருந்தார்கள். அண்ணன் சுவரொட்டியைப் பார்த்ததும் என் கையைப் பிடித்து இழுத்தான், கழுத்தில் விசிறியை விரித்துக் காட்டினான், கண்ணெல்லாம் பளபளப்பு. மாமாவின் பிள்ளைகளோடு பகல் காட்சிக்குப் போனோம். அவர்களுக்கும் தானே கதை சொல்லப் போவதாக நினைத்து அவன் நடுவில் உட்கார்ந்துகொண்டான்.

படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், மிருகம் தத்ரூபமாக இருந்தது. கம்ப்யூட்டரில் வரைந்தது, தையல் கிடையாது, செதில் செதிலாக மின்னியது, வாலைச் சுழற்றினால் கட்டடங்கள் சரிந்தன. அது உறுமியபோது நாற்காலியே அதிர்ந்தது. அண்ணன் கைப்பிடியில் உள்ளங்கையை வைத்து அந்த அதிர்வை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். பிறகு அவனுடைய கைகள் பேச ஆரம்பித்தன. நான் பார்க்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக வெள்ளைக்காரன் பேசுவது ஒரு சொல் விடாமல் எனக்குப் புரிந்துகொண்டிருந்தது, அந்தத் திமிரில் இருந்தேன். அவன் தோளைத் தட்டினான், "ஸ்வல்ப இரு", கொஞ்சம் பொறு, என்று வாயாலேயே சொல்லிக் கையைத் தள்ளிவிட்டேன், அவனுக்கு என்ன கேட்டிருக்கப் போகிறது. மாமா பிள்ளைகளும் அவன் பக்கம் திரும்பவில்லை. கொஞ்ச நேரம் தன்னந்தனியாகக் கதை சொல்லிவிட்டு அவன் கைகளை மடியில் வைத்துக்கொண்டான்.

அப்போது திரையில் விஞ்ஞானி சொன்னார்: "அந்த மிருகத்துக்குக் கண் பார்வை கிடையாது. காது மட்டும்தான். மணிச் சத்தம் கேட்டால் எங்கிருந்தாலும் வந்துவிடும்." நான் துள்ளி அண்ணன் பக்கம் திரும்பினேன். இத்தனை வருடமாக அவன் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தான், இன்றைக்கு நான் அவனுக்குச் சொல்லப் போகிறேன் என்கிற அற்ப சந்தோஷம். மிருகத்தைக் காட்டினேன். கண்ணைக் காட்டி இல்லை என்றேன். காதைக் காட்டி, நன்றாக, ரொம்ப நன்றாகக் கேட்கும் என்றேன். மணியை ஆட்டிக் காட்டினேன். விளக்கைக் காட்டித் தப்பு என்று கையைத் துடைத்துக்கொண்டேன்.

அண்ணன் என் கையை உற்றுப் பார்த்தான். "அந்தப் பழைய படத்திலும்?" என்று கேட்டான். அதிலும்தான், மணி அடித்தது, எங்களுக்குக் கேட்டது என்றேன். அவன் மூக்கின் இடப்பக்கத்தைத் தொட்டுப் புருவத்தை உயர்த்தினான். அம்மாவுக்கும் தெரியுமா? எனக்குப் பூக்காரியின் ஞாபகம் வந்தது. மார்பில் கட்டைவிரலால் இரண்டு தட்டுத் தட்டினேன். நிஜம், அம்மாவுக்கும் தெரியும்.

அவன் அழவில்லை, எழுந்து போகவில்லை, படம் முடியும்வரை திரையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். ஆனால் என்ன பார்த்தான் என்று யாரிடமும் சொல்லவில்லை. மைசூருக்குத் திரும்பிய பஸ் திம்பம் மலையில் வளைவு வளைவாக ஏறிக்கொண்டிருந்தபோது நான் ஜன்னல் வழியே யானையைக் காட்டினேன். அவன் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, மறுபடியும் தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டு வந்தான். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை, பதின்மூன்று வயதில் மனிதர்கள் எவ்வளவு மூடர்களாக இருக்க முடியுமோ அவ்வளவு மூடமாக இருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா புடவை மாற்றிக்கொண்டு வந்து அவனை மார்னிங் ஷோவுக்குக் கூப்பிட்டாள். அவன் எழுந்திருக்கவில்லை. "உங்களுக்குக் கேக்குமே, நீங்க போங்க" என்று கையால் சொன்னான். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. சமையலறைக்கு என்னை அழைத்துப் போய் என்ன நடந்தது என்று கேட்டாள், நான் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அடி விழும் என்று எதிர்பார்த்தேன். அம்மா அடிக்கவில்லை, கேட்டுக்கொண்டே அரிசி களைய ஆரம்பித்த கையை அப்படியே பாத்திரத்துக்குள் வைத்தபடி நின்றாள்.

"நமக்குத்தான் எல்லாம் கேக்குதே கண்ணு. அவனுக்குன்னு ஒண்ணே ஒண்ணு இருந்துச்சு. அதையும் ஏன் புடுங்கிக்கிட்ட?"

அவ்வளவுதான் சொன்னாள். பொய் சொல்லவில்லையே, உள்ளதைத்தானே சொன்னேன் என்று முதலில் எனக்குள் வாதாடினேன். போகப் போக அந்த வாதமும் சலித்துவிட்டது. டாக்கீஸுக்கு அதன் பிறகு எங்கள் வீட்டிலிருந்து யாரும் போகவில்லை. மார்க்கெட்டில் அந்தப் பூக்காரி எங்களைப் பார்த்து, பையன் ஏன் வருவதில்லை, கதையே புரிவதில்லை என்று ஒருமுறை அம்மாவிடம் குறைப்பட்டுக்கொண்டாள். அம்மா அவனுக்குப் படிப்பு இருக்கிறது என்று சொல்லிச் சமாளித்தாள்.

அண்ணன் என்னிடம் கோபித்துக்கொண்டவனே இல்லை, அதுதான் கஷ்டம். பல் கட்டுகிற லேப் ஒன்றில் வேலை கற்றுக்கொண்டு, செயற்கைப் பல் செய்வதில் பெயரெடுத்தான். என் கல்யாணத்துக்கு ஓடி ஓடி உழைத்தான், என் மகனை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு திரிந்தான். ஆனால் பார்த்ததைக் கதையாகச் சொல்கிற பழக்கம் அவனிடமிருந்து போய்விட்டது. சாப்பிடு, போ, வா, உடம்பு எப்படி என்கிற அளவுக்கு அவனுடைய கைப்பேச்சு சுருங்கியது. செல்போன் வந்த பிறகு அதுவும் குறைந்து, என் வீட்டுக்கு வந்தால்கூடப் பக்கத்து அறையிலிருந்தே எனக்கு மெசேஜ் அனுப்ப ஆரம்பித்தான். அப்பா போனார், பிறகு அம்மாவும் போனாள். நான்கு பேர் பேசிய பாஷையில் நாங்கள் இரண்டு பேர் மிஞ்சினோம், நாங்களும் அதை அதிகம் பேசவில்லை.

மூன்றாவது படம் வந்தபோது நான்தான் வற்புறுத்தி அவனை மாலுக்கு அழைத்துப் போனேன். வாசலில் இருந்த பெரிய படத்தைப் பார்த்துவிட்டு, இந்தப் பற்களை வைத்துக்கொண்டு இது வாயை மூடவே முடியாது என்று தொழில்காரனாக அவன் கிண்டல் செய்தான். எனக்கு உயிர் வந்தது. உள்ளே போய்க் கண்ணாடி மாட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். இந்த முறை மிருகம் நம் மடியிலேயே வந்து விழுந்தது. அதற்கு ஒரு குட்டி இருந்தது, ஒரு சோகக் கதை இருந்தது, படம் முழுக்க அடியில் இங்கிலீஷ் எழுத்து ஓடியது. பாதிப் படத்தில் நான் அவன் தோளைத் தட்டினேன். எனக்கு இங்கிலீஷ் நன்றாகவே புரியும். இருந்தாலும் ஏழு வயதுப் பெண்ணைப் போல, என்ன சொல்கிறார்கள் என்று கையால் கேட்டேன். எத்தனை வருடத்து மன்னிப்பை அந்த ஒரு சைகையில் வைத்துக் கேட்டேன் என்பது எனக்குத்தான் தெரியும். அவன் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தான், திரையின் அடியில் ஓடிய எழுத்தைச் சுட்டிக் காட்டினான். எழுதியிருக்கிறது, படி. அவ்வளவு அன்பாகத்தான் காட்டினான், மறுபடியும் கண்ணாடியை மாட்டிக்கொண்டான்.

போன வருடம் தை மாதம் அண்ணனுக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரியில் எங்கே வலிக்கிறது, எப்படி வலிக்கிறது என்று டாக்டர் கேட்க, நான் அவனிடம் கையால் கேட்டு டாக்டருக்குக் கன்னடத்தில் சொன்னேன். அவனுடைய ஒரு கையில் ஊசி குத்திப் பலகையோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். எங்கள் பாஷையில் பல சொற்களுக்கு இரண்டு கையும் வேண்டும், அதனால் அவன் சொன்னதில் பாதிதான் எனக்கு வந்தது. கடைசி நாளன்று ஒரு கையை மட்டும் தூக்கி ஏதோ சொன்னான். அது என்னவென்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்த மாதிரி தலையாட்டினேன்.

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது. காலையில் என் மகன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து, "அம்மா, உன் ரப்பர் மிருகம் பேசுது பாரு" என்றான். பழைய படத்தில் அந்த உடுப்புக்குள் இருந்து நடித்தவருடைய பேட்டி அது. பேட்டி கொடுத்தபோதே அவருக்குத் தள்ளாத வயது, தோட்டத்தில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கேள்வி கேட்டவர், மணி அடித்ததும் நீங்கள் தலையைத் திருப்புவீர்களே, அந்தத் திருப்பம் எவ்வளவு பிரமாதம் என்று புகழ்ந்தார். கிழவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். மணியா? எந்த மணி? அந்த ரப்பர் தலைக்குள் எனக்கு ஒரு சத்தமும் கேட்காது. தண்ணீருக்கடியில் முட்டி போட்டு உட்கார்ந்திருப்பேன். படகிலிருந்து விளக்கை ஆட்டுவார்கள், அதைப் பார்த்ததும் எழுந்திருப்பேன். கரையில் கத்துவார்கள், ஏன் வாயைத் திறக்கிறார்கள் என்றே தெரியாது. மணியெல்லாம் படம் எடுத்து முடித்த பிறகு தனியாகச் சேர்த்தது.

மகனை நிறுத்தச் சொல்லி, அந்த இடத்தை மறுபடியும் போடச் சொன்னேன். மூன்று தடவை போடச் சொன்னேன். கதை எழுதியவர்கள் அதற்குக் காது கொடுத்திருக்கலாம், பின்னால் வந்த இரண்டு படங்களிலும் கம்ப்யூட்டரில் வரைந்தவர்கள் அதை நம்பி மணிக்கு ஓடிவர வைத்திருக்கலாம். ஆனால் அந்தப் பழைய ஏரியிலிருந்து எழுந்தவனுக்கு உண்மையாகவே எதுவும் கேட்கவில்லை. அவன் உண்மையாகவே விளக்கைப் பார்த்துத்தான் வந்தான். காது கேட்ட நாங்கள் எல்லோரும் மணியில் ஏமாந்து போனோம், திரையில் இருந்ததை இருந்தபடி பார்த்தவன் என் அண்ணன் ஒருவன்தான்.

டாக்கீஸ் இருந்த இடத்தில் இப்போது வண்டிகள் நிறுத்துகிறார்கள். வாழைக்காய் மண்டியின் சுவர் மட்டும் ஓட்டைகளோடு அப்படியே நிற்கிறது, அந்தப் பக்கம் போனால் வாசனையும் வருகிறது. அப்பா இல்லை, அம்மா இல்லை, விளக்கையும் மிருகத்தையும் கையால் சொல்கிற பாஷை தெரிந்த ஆள் இந்த உலகத்தில் நான் ஒருத்திதான் பாக்கி.

லேப்டாப்பில் கிழவர் சிரித்தபடி நின்றுபோயிருந்தார். என் கைகள் நான் சொல்லாமலே எழுந்தன. கழுத்தில் விரிந்தன, காதைத் தொட்டு இல்லை என்று ஆடின, குவிந்து விளக்காக மலர்ந்தன, கட்டைவிரல் மார்பில் இரண்டு தட்டுத் தட்டியது. மறுபடியும் தட்டியது.

"யார்கிட்டம்மா பேசற?" என்று மகன் கேட்டான். அவனுக்கு நான் அந்த பாஷையைக் கற்றுக்கொடுக்கவே இல்லை. அவனுக்குச் சொல்ல வேண்டுமென்றால் நான் வாயைத் திறந்துதான் சொல்ல வேண்டும்.